ரெண்டுங்கெட்டான் எஞ்சின்

மக்களே, இன்றைக்கு ஒரு ரயில் எஞ்சின் கதை. தெற்கு மண்டலம் என்றதும் எழும்பூரையும் தாம்பரத்தையும் நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பிரிட்டிஷ் ரயிலின் தெற்கு மண்டலம் :)

அங்கே நம்ம ஊர் மாதிரி தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம், அதில் 750 வோல்ட் டி.சி. கரண்ட். ரயில் ஓட வசதிதான். ஆனால் ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சரக்கு யார்டில் அதைப் போட முடியுமா? மிதித்தால் ஆள் காலி. அதனால் மின்சார எஞ்சின் யார்டு வாசலோடு நின்றுவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எலக்ட்ரோ-டீசல். 1962-ல் 6 எஞ்சின்கள், 1965-லிருந்து 1967-க்குள் இன்னும் 43. பின்னாளில் இவற்றுக்குக் கிடைத்த பெயர் கிளாஸ் 73. கரண்ட்டில் 1600 குதிரைத்திறன், டீசலில் வெறும் 600. அந்த 600 யார்டுக்குள் போய்வர மட்டும்தான். மூன்றாவது தண்டவாளம் இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்டிருப்பார்கள்.

ஆனால் வேலை கிடைத்தது. முதலில் 1990-களில் லிவர்பூல் பக்கம். அங்கேயும் மூன்றாவது தண்டவாளம் உண்டு என்பதால், மிகப் பழைய சில எஞ்சின்கள் மெர்சிரயிலுக்குப் போயின. பயணிகள் ரயில் இல்லை, பராமரிப்பு வேலை. இலையுதிர் காலத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் கலந்த பசையைப் பூசுகிற ரயிலை இழுத்தன.

ஆச்சரியம் அடுத்ததில்தான். லண்டனிலிருந்து கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பர் எடின்பரோவில் மூன்றாகப் பிரிந்து அபர்டீன், இன்வர்னெஸ், ஃபோர்ட் வில்லியம் போகும். 2016-லிருந்து எடின்பரோவுக்கு வடக்கே இந்த வேலைக்கு வந்தவை கிளாஸ் 73. ஃபோர்ட் வில்லியம் பாதை ஓரிடத்தில் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. இந்த மலைப்பாதைகளில் மூன்றாவது தண்டவாளம் மருந்துக்கும் கிடையாது.

எப்படி முடிந்தது? லஃப்பரோவில் பிரஷ் நிறுவனம் இவற்றைப் பிரித்துப்போட்டு, 600 குதிரைத்திறன் எஞ்சினைத் தூக்கிவிட்டு 1600 குதிரைத்திறன் எம்.டி.யு. டீசலை வைத்தது. அதாவது கரண்ட்டில் இருந்த அதே பலம் டீசலிலும். அப்படியும் பல நாள் கிளாஸ் 66 என்ற சரக்கு எஞ்சின் துணைக்கு வரவேண்டியிருந்தது. ஆனால் பெட்டிகளுக்கு விளக்கும் ஹீட்டரும் எரியக் கரண்ட் கொடுக்க 66-ஆல் முடியாது, 73-ஆல் முடியும். ஒருவர் இழுக்க, ஒருவர் சூடேற்ற, இரண்டு பேரும் சேர்ந்து மலை ஏறினார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? நான் படிப்பது மெக்கட்ரானிக்ஸ். "தம்பி, நீ மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒரு கம்பெனியின் விண்ணப்பத்தில் இரண்டு கட்டம்தான் இருந்தது, என் படிப்புக்குக் கட்டமே இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே பயம்தான்.

'ரெண்டும் தெரிந்தவனுக்கு எங்கேயும் வேலை உண்டு' என்று இந்தக் கதையை வைத்து ஆறுதல் சொல்லலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. இதே குடும்பத்தில் கிளாஸ் 74 என்று 10 எஞ்சின்கள் இருந்தன. கரண்ட்டில் 73-ஐ விடப் பலசாலி, ஆனால் சிக்கலான எலக்ட்ரானிக்ஸ், ஓயாத கோளாறு. 1977 முடிவதற்குள் அத்தனையும் ஓய்ந்தன. அதுவும் ரெண்டும் தெரிந்த எஞ்சின்தான்.

73-ஐ மலை ஏற்றியது ரெண்டும் தெரிந்ததால் மட்டும் இல்லை. அந்த 600-ஐ 1600 ஆக்கினார்கள், அதனால்தான். யார்டுக்குள் போய்வர அரைகுறை போதும். சொந்த ஊரைத் தாண்டிப் போகவேண்டுமென்றால் ரெண்டில் ஒன்றாவது முழுசாக வேண்டும். எனக்கு அது எது என்று இந்த செமஸ்டருக்குள் முடிவு பண்ணியாக வேண்டும். உங்களுக்கு எது மக்களே?