சேவாகிராமத்தில் ஒரு பகல்

டில்லிக்கும் சென்னைக்கும் ரயிலில் போய் வரும் நம் சங்கத்து அன்பர்கள், நாக்பூரை அடுத்துச் சேவாகிராமம் என்னும் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். முன்பு வார்தா கிழக்கு என்று வழங்கிய நிலையம் அது. வண்டி சிறிது நேரமே நிற்கும். நாக்பூரில் ரயில்வே குமாஸ்தாவாகப் பணி ஏற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், அங்கே இறங்கி ஆசிரமத்தைக் காண வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று, மனைவியையும் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

அந்நாளில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு முற்றியிருந்தது. எங்களுடையது இரண்டே அறைகள் கொண்ட ரயில்வே குடியிருப்பு. கடன் வாங்கிப் பெரிய வீடு ஒன்று வாங்குவது என்றும், வாங்கிய பின்னர் ஊரில் தனியே இருக்கும் என் தாயாரை அழைத்துக்கொள்வது என்றும் எண்ணியிருந்தோம். மறுநாள் கடன் மனுவில் கையெழுத்திட வேண்டும்.

தண்டி யாத்திரைக்கு 1930-இல் புறப்பட்ட காந்தியடிகள், சுயராஜ்யம் கிடைக்கும் வரையில் சபர்மதி ஆசிரமத்துக்குத் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர் ஜம்னாலால் பஜாஜின் அழைப்பை ஏற்று வார்தாவுக்கு வந்தவர், 1936 ஏப்ரல் இறுதியில் அதன் அருகேயுள்ள சேகாவ் என்ற சிற்றூரில் குடியேறினார். அப்பொழுது அவருக்கு வயது 66. மும்பை–ஹவுரா ரயில் பாதையில் ஷேகாவ் என்று மற்றோர் ஊர் இருப்பதால் கடிதங்கள் தடுமாறின. ஆகவே 1940-இல் இவ்வூருக்குச் சேவாகிராமம் என்று பெயரிட்டார்கள். பெயர்க் குழப்பத்தால் மூட்டைகள் வழி தவறுவதை அறிந்த எனக்கு, இச்செய்தி நன்றாகவே விளங்கிற்று.

முதலில் கட்டிய குடிசைக்கு ஆதி நிவாஸ் என்று பெயர். செலவு 100 ரூபாய்க்கு மிகலாகாது, அருகே கிடைக்கும் பொருள்களையே பயன்படுத்த வேண்டும், உள்ளூர்த் தொழிலாளரே கட்ட வேண்டும் என்பவை அடிகளின் நிபந்தனைகள். மண் சுவரும் மூங்கிலும் ஓடுமே கண்ணில் படுகின்றன. தொடக்கத்தில் கஸ்தூரிபாவும் மற்றையோரும் விருந்தினரும் அந்த ஒரே கூடத்தில் தங்கினார்கள். கஸ்தூரிபாவுக்கு நேர்ந்த இடையூற்றைக் கண்ட ஜம்னாலால், பின்னர் அவருக்கெனத் தனிக் குடில் கட்டுவித்தார். "பெண்பிள்ளைக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று இன்னொருவர்தாம் சொல்ல வேண்டியிருந்தது, பார்த்தீர்களா?" என்றாள் என் மனைவி. மகாத்மாவே ஆயினும் அவள் கணக்குப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பாபு குடிலில் மேசை நாற்காலிகள் இல்லை. தரையில் பாயும், எழுதச் சிறு பலகையும், மூன்று குரங்குப் பொம்மையும் இருக்கின்றன. மீராபென் சுவரில் மண்ணால் புடைத்து அமைத்த இராட்டையும் மரங்களுமே அலங்காரம். அலுவல் குடிசையில் பாம்பைக் கொல்லாமல் பிடிக்கும் மரக் கிடுக்கியும், பிடித்த பாம்பை வெளியே கொண்டுபோய் விடும் கூண்டும் வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே ஒரு தொலைபேசியும் இருக்கிறது! வைசிராய் பேச வேண்டும் என்பதற்காக அரசாங்கம் அமைத்தது. இயந்திரங்களை வெறுத்தவர் என்று நாம் படித்த மனிதர் அதை வேண்டாம் என்று தள்ளவில்லை. தேசத்தின் வேலைக்கு அது தேவைப்பட்டது; வைத்துக்கொண்டார். நாற்காலி தேவைப்படவில்லை, விட்டுவிட்டார். ரயிலும் அப்படியே. 1909-இல் எழுதிய நூலில் ரயிலை வன்மையாகக் கண்டித்தவர், அதே ரயிலில் மூன்றாம் வகுப்பில் அமர்ந்து நாடு முழுவதும் சுற்றினார். அந்த வகுப்பே 1974-இல் நீங்கிவிட்டது. கண்டித்ததை ஏன் பயன்படுத்தினார் என்று சிலர் கேட்பதுண்டு. அக்குடிசையில் நின்றபோது அது எனக்கு முரணாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு பொருளையும், 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று தனித்தனியே கேட்டிருக்கிறார்.

இவ்வாறு கேட்டவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, மும்பையில் நல்ல வருவாயுடன் தொழில் நடத்தியவர். அதை விட்டுக் கதர் உடுத்து, வார்தா மகன்வாடியில் கிராமக் கைத்தொழில்களை வளர்க்கப் பாடுபட்டார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்து, 1960-இல் மறைந்தார்.

ஆசிரமத்தில் எங்களை நிறுத்தியது ஒரு சிறு குடிசை. பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவர், எரவாடாச் சிறையில் அடிகளுடன் இருந்தவர். தொழுநோய் முற்றிய நிலையில், 1939-இல் அடைக்கலம் தேடி வந்தார். அந்நோயைக் கண்டால் ஊரே விலகி ஓடிய காலம் அது. ஆசிரமத்தில் குழந்தைகளும் இருந்தமையால் அடிகளும் முதலில் தயங்கினார். பின்னர் அவரை ஏற்று, தம் குடிலுக்கு அருகிலேயே குடிசை அமைத்து, நாள்தோறும் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார்.

அதன் வாசலில் என் மனைவி நெடுநேரம் நின்றாள். பிறகு மெல்ல, "வீடு சிறியது என்றுதானே அத்தையை வரச் சொல்லாமல் இருக்கிறோம்?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. எங்கள் முன்னறையைத் தவணையில் வாங்கிய சோபாவும் கண்ணாடி மேசையும் அடைத்திருப்பது நினைவுக்கு வந்தது. வருகிறவர்கள் மதிக்க வேண்டும் என்று வாங்கியவை அவை. மாதத்தில் இரண்டு பேர் வந்தால் அதிகம். அவற்றுக்கு இடம் இருந்தது, பெற்றவளுக்கு இல்லை.

அடிகள் நாற்காலியை விட்டது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வேண்டாதவற்றை விட்டதனால் உண்டான இடத்தில், யாரும் ஏற்காத ஒருவரை ஏற்றார், அதுவே பெரிது. ஏற்பதற்கு ஒன்றுமில்லாமல் துறப்பது வெறும் கஞ்சத்தனமாகவும் முடியலாம்.

மறுநாள் கடன் மனுவில் நான் கையெழுத்திடவில்லை. சோபாவை வந்த விலைக்குக் கொடுத்தோம்; பாதிப் பணம் நட்டந்தான். பொங்கலுக்கு ஊர் போய்த் தாயாரை அழைத்து வந்தேன். முன்னறையில் இப்பொழுது அவர் கட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் பாயில் அமர்கிறார்கள். அலுவலக நண்பர் ஒருவர் கேலியும் செய்தார். நெருக்கடி இல்லை என்று சொல்லமாட்டேன். காலையில் குளியலறைக்கு வரிசைதான். ஆயினும் குழந்தைகள் அப்பத்தாவிடம் நாள்தோறும் தமிழ் பேசுகிறார்கள். வீட்டில் இந்தியிலேயே விடை சொல்லிக்கொண்டிருந்த மூத்தவள், நேற்று அவரிடம் விடுகதை போட்டாள்.

நாக்பூர் அன்பர்கள் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். இயன்றால் மாலைப் பிரார்த்தனை வரையில் இருங்கள். அதற்கெனக் கட்டடம் கிடையாது. அடிகள் காலத்தைப் போலவே, திறந்த வெளியில் தரையில் அமர்ந்துதான் நடக்கிறது.