மூன்று இணைக் கால்கள்

பெரியவற்றைப் பெயர் சொல்லி அழைப்பதும் சிறியவற்றை ஒன்றாகக் குவித்துப் பார்ப்பதும் மனிதரின் நெடுநாள் பழக்கம். மலாக்காக் கரையோரத்தில் சுங்கோர் வலையைத் தள்ளிக்கொண்டு நீரில் நடக்கும் மீனவர் அள்ளி வரும் கெராகாவ், இப்பழக்கத்திற்கு நல்லதொரு சான்று. பெலாச்சானாகவும் சிஞ்சாலோக்காகவும் நம் நாட்டுச் சமையலறைகளில் இடம்பெற்றுவிட்ட இச்சிற்றுயிரைத் தமிழகக் கரையோரத்தார் சென்னாக்கூனி என்பர். பெயர்கள் இத்தனை இருந்தும், அதனை 'இறால் குஞ்சு' என்றே எண்ணுவோர் பலர்.

"ஐயா, குஞ்சுகளையே பிடித்துத் தின்றுவிட்டால் பெரிய இறால் எங்கிருந்து வரும்?" என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். அறமும் அறிவும் கலந்த கேள்வி அது. அதற்குரிய விடை, அவ்வுயிரின் கால்களில் இருக்கிறது.

சந்தையில் வாங்கிய புதிய கெராகாவில் ஒரு கரண்டியளவு எடுத்து, வெண்கிண்ணத்து நீரிலிட்டு, உருப்பெருக்குக் கண்ணாடியின் துணையோடு நோக்கினோம். இறாலின் குஞ்சுக்கு மார்பின் அடியில் ஐந்து இணை நடைகால்கள் உண்டு. கெராகாவுக்கோ மூன்று இணைகளே. நான்காவதும் ஐந்தாவதும் இல்லை. பத்துக்காலிகள் என்னும் வரிசையைச் சேர்ந்த உயிர், ஆறு நடைகால்களோடு வாழ்கிறது! உள்ளது மட்டுமன்று, இல்லாததும் ஓர் அடையாளமே என்பதை அன்று மாணவர் கண்ணால் கண்டனர். கெராகாவ் எதனுடைய குஞ்சும் அன்று. சில சென்டிமீட்டர் நீளத்திலேயே முழு வளர்ச்சி பெற்றுவிடும் தனியினம்.

அதே கிண்ணத்தில் வேறோர் உயிரும் கிடக்கக்கூடும். உருவில் இறாலை ஒத்திருப்பினும், மைசிட் எனப்படும் அது வேறு வரிசையைச் சேர்ந்தது. அதன் பெண் தன் மார்பின் அடியில் ஒரு பையில் முட்டைகளைச் சுமக்கும். வால்விசிறியின் உள்மடல்களில் கண்ணாடி மணிபோல் வட்டமான ஓர் உறுப்புத் தெரியும். நீரில் சமநிலை காக்க உதவுவது அது. கெராகாவில் இவ்விரண்டும் இல்லை.

கெராகாவிலும் ஒரே இனம்தான் உண்டென எண்ணலாகாது. அசெட்டெஸ் என்னும் இப்பேரினத்தை 1830-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மில்ன் எட்வர்ட்ஸ் வகுத்தார். பின்னர் உலகெங்கும் கண்டறியப்பட்ட இனங்களை, 1975-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மக்கோத்தோ ஒமோரி தொகுத்து ஆராய்ந்தார். உயிரோடிருக்கையில் வால்விசிறியில் காணும் செம்புள்ளிகள் இனத்தை அறிய ஓரளவு உதவும். சாராயத்தில் இட்டு வைத்தால் நிறம் மங்கிவிடும். ஆகவே, ஆய்வாளர் ஆணின் முதல் நீந்துகாலில் அமைந்த இனப்பெருக்க உறுப்பையும், பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் உணர்கொம்பின் வடிவையும் நுண்ணோக்கியில் வைத்துக் காண்பர். நிறம் அழியும், அமைப்பு நிற்கும்.

இத்துணை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். கண்ணி நெருங்கிய வலையில் கெராகாவோடு உண்மையான இறால் குஞ்சுகளும் அகப்படுவதுண்டு. எது எவ்வளவு என்று பிரித்து எண்ணாமல், அவ்வலையால் கேடில்லை என்பதும் கேடுண்டு என்பதும் வெறும் ஊகமே. ஒன்று, வருங்கால இறாலை இழப்போம். அன்றேல், குற்றமற்ற மீனவரின் பிழைப்பைக் கெடுப்போம். ஆகவே என் மாணவனின் கேள்விக்குப் பாதி விடைதான் கூற முடிந்தது: கெராகாவ் குஞ்சன்று; ஆனால் கெராகாவோடு குஞ்சும் இருக்கலாம். எஞ்சிய பாதியை ஒவ்வொரு வலையிலும் எண்ணித்தான் அறியவேண்டும்.

தமிழாசிரியர்க்கு இப்பணி புதிதன்று. வலி, வளி, வழி என்னும் மூன்றும் பழகாத செவிக்கு ஒன்றே. நமக்கோ ஒன்று துன்பம், ஒன்று காற்று, ஒன்று பாதை. நாவின் சிறு மடிப்பில் பொருள் பிரிவதைக் கற்பிக்கும் நாம், காலின் சிறு குறையில் இனம் பிரிவதையும் கற்பிக்கலாம். அதற்கு வேண்டுவன ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும், அவசரமின்றி எண்ணும் பொறுமையுமே.