அறுபதுக்கு மேல் ஓட்டம்

கூமாப்பட்டியில் வயது வந்த மனிதர் ஒருவர் சாலையில் ஓடினால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும் என்பது ஊரார் அபிப்பிராயம். வத்திராயிருப்பு பஸ் புறப்பட்டிருக்க வேண்டும். அல்லது பின்னால் நாய் வந்துகொண்டிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் எதிரே தென்பட்டிருக்க வேண்டும். நாலாவது காரணம் ஒன்றும் உண்டென்பதை நமது அறுபத்தோராவது வயதில் நாம் நிரூபிக்கப் புகுந்தபோது, ஊர் அதை இலேசில் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

ஒப்புக்கொள்ளாததில் ஆச்சரியமும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்கு உபாத்தியாயராக இருந்த காலத்தில் தேகப் பயிற்சிக்கும் நமக்கும் இருந்த சம்பந்தமெல்லாம், பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதுடன் சரி. ஊருக்கு மேற்கே மலை. மலையடிவாரத்தில் பிளவக்கல் அணை. அங்கே போகும் சாலையின் இருமருங்கிலும் தென்னந்தோப்பும் வயலும். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தபாலாபீஸுக்குக்கூட ஸ்கூட்டரில் போய் வந்தவர் நாம்.

நமது வீட்டு அம்மாள் அப்படியல்ல. நடப்பதற்கு அஞ்சாதவள். மகளுக்குக் குழந்தை பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போய் ஆண்டாளைத் தரிசிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சுமார் இருபது கிலோமீட்டர் தூரம். பேரன் பிறந்தான். ஒவ்வொரு ஆடி மாதமும், "ஏங்க, இந்த வருஷமாவது நடந்து போவோமா?" என்று கேட்பாள். "பஸ் இருக்கும்போது நடப்பானேன்? அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நாம் சொல்வோம். இவ்வாறு ஆறு அடுத்த வருஷங்கள் கழிந்தன. அறுபதாம் கல்யாணம் முடிந்த எட்டாவது மாதம், 2022-ஆம் வருஷத்துத் தை மாதத்தில், நாலு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

பிறகு வீட்டில் நம்மால் சகிக்க முடியாமற்போனது விடியற்காலை நாலரை மணியின் நிசப்தந்தான். முப்பத்துமூன்று வருஷம் அந்த நேரத்தில் வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தையும், அடுப்பங்கரையில் காப்பிப் பாத்திரங்களின் சத்தத்தையும் கேட்டு விழித்த காது இது. சத்தம் நின்ற பிறகும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. ஒன்றும் கேட்காத வீட்டில் படுத்திருக்க முடியாமல் வெளியே நடக்கத் தொடங்கினோம். ஆரோக்கியத்துக்காக நடந்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும்.

அவ்வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் அணைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பர்லாங்குக்கு அப்பால் ஒரு பம்ப்செட் கொட்டகை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினோம். கொட்டகையில் போய் நின்றபோது நெஞ்சு கொல்லன் துருத்தி போல் இரைந்தது, தொடைகள் நடுங்கின. ஆனால் மூச்சு அடங்கிய பிறகு ஒரு விஷயம் புலப்பட்டது. அந்த இரண்டு பர்லாங்கு தூரமும் நாம் வீட்டை நினைக்கவே இல்லை. ஒன்பது மாதத்தில் அதுதான் முதல் தடவை. மறுநாள் மழை பெய்யவில்லை. ஆயினும் அதே இடத்திலிருந்து அதே கொட்டகை வரையில் ஓடினோம்.

நாலைந்து நாட்களில் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பால்காரர் தமது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "வாத்தியார் ஐயா, யாருக்கு என்ன ஆச்சு? ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் ஓடுகிறோம் என்று சொன்னதும் அவர் முகத்தில் முன்னைவிட அதிகமான கவலை தோன்றியது. "அந்த அம்மா போனதிலிருந்து ஐயாவுக்கு மனசு சரியில்லை" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையாக இருந்தபடியால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஓடப் புகுகிறவனுக்கு முழங்கால் வலியைக் காட்டிலும் பெரிய உபாதை இந்த வெட்கந்தான். ஊர் விழிக்கும் முன்பே ஓடி முடித்து, ஒன்றும் அறியாதவர்போல் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலானோம்.

இரண்டாவது மாதத்தில் நமக்கு அகம்பாவம் தலைக்கேறிவிட்டது. ஒரு கிலோமீட்டர் ஓடினவர் ஒரே வாரத்தில் ஆறு கிலோமீட்டருக்குத் தாவினோம். அதன் பலன், குதிகால் வீங்கி ஆறு வாரம் கட்டிலில் கிடந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுத்து, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்துவிட்டுச் சிரித்தார். "மூச்சும் இருதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதம் வேண்டும். மூச்சு தயாரானதும் காலும் தயார் என்று நினைத்துவிட்டீர்கள், ஐயா" என்றார். வயதானால் சீக்கிரம் மெலிவன வெடுக்கென்ற வேகத்தைத் தரும் தசை இழைகளே என்றும், நிதானமாக நெடுநேரம் உழைக்கும் இழைகள் அவ்வளவு சீக்கிரம் மெலிவதில்லை என்றும் விளக்கினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட வேண்டியது. ஐந்து நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஓடும்போதே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இவை அவர் விதித்த விதிகள். பேசத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு ஓடினோம்.

சென்னையிலுள்ள மகள், "இந்த வயசுல இது எதுக்குப்பா?" என்று டெலிபோனில் அழுதாள். அழுது முடித்த பிறகு ஓட்டத்துக்கு ஏற்ற ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி அனுப்பினாள். அத்துடன் பௌஜா சிங் என்னும் சீக்கியப் பெரியவரைப் பற்றிய செய்தியொன்றையும் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தாள்.

அந்தப் பெரியவர் 1911-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி, ஜலந்தருக்கு அருகே பியாஸ் பிண்ட் என்னும் கிராமத்தில் பிறந்த குடியானவர். கால் பலவீனத்தால் ஐந்து வயது வரையில் நடக்காத குழந்தை. 1992-ல் மனைவியை இழந்தார். 1994-ல் கட்டட வேலையில் நேர்ந்த விபத்தில் மகன் குல்தீப்பை இழந்தார். இங்கிலாந்தில் இருந்த இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்தவர், துக்கம் தாங்காமல் ஓடத் தொடங்கினார். 2000-ஆம் வருஷம், தமது 89-வது வயதில், லண்டன் மாரத்தான் ஓட்டத்தை, அதாவது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரத்தை, ஆறு மணி ஐம்பத்துநாலு நிமிஷத்தில் ஓடி முடித்தார். 2003-ல் டொரான்டோ நகரில் அதே தூரத்தை ஐந்து மணி நாற்பது நிமிஷத்தில் ஓடினார். 2011-ல், நூறு வயதில், அதே நகரில் மறுபடியும் ஓடி முடித்தார்.

இந்தச் சாதனையைக் கின்னஸ் புத்தகத்தார் ஏற்கவில்லை. ஜனன சர்ட்டிபிகேட் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1911-ல் பஞ்சாபை ஆண்டது யார்? வெள்ளைக்கார சர்க்கார்தானே! வரியைக் குறித்துக்கொண்டவர்கள் ஒரு குடியானவன் பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எழுதிக் கொடுக்கவில்லை. அது பௌஜா சிங்கின் குற்றமா? வேடிக்கை என்னவென்றால், அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு இங்கிலாந்து ராணியே வாழ்த்துக் கடிதம் அனுப்பியிருந்தார். பெரியவரோ இதற்கெல்லாம் கவலைப்படாமல் 2013 வரையில் பந்தயங்களில் ஓடினார்.

இந்தச் சரித்திரத்தை டீக்கடையில் எடுத்துச் சொன்னோம். "அது பஞ்சாப், ஐயா. கோதுமை ரொட்டி திங்கிற உடம்பு" என்றார்கள். உடனே நமக்குச் சதுரகிரி ஞாபகம் வந்தது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து மலையேறும் கூட்டத்தில் எழுபது வயதுப் பாட்டிமார் எத்தனை பேர்! சோறு தின்கிற உடம்புடன், கரடுமுரடான பாறைப் பாதையில், பல மணி நேரம் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று யாரும் சொல்வதில்லை. நேர்த்திக்கடன் என்று சொன்னால் ஊர் வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே நாமும், "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வரைக்கும் ஓடுவதாக நேர்த்திக்கடன்" என்று ஒரு போடு போட்டோம்.

டீக்கடை ஒப்புக்கொண்டது. ஆனால் வீடு திரும்பும் வழியில் நமது கால் நின்றுவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னதாக நினைத்தோமே, அது யாருடைய நேர்த்திக்கடன்?

அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் பழகினோம். பம்ப்செட் கொட்டகை அணை வரையில் நீண்டது. 2025 ஜூன் மாதத்தில், உள்ளூர் இளைஞர் ஒருவர் எடுத்த கைப்பேசிப் படங்களினால் கூமாப்பட்டியின் பெயர் திடீரென்று நாடெங்கும் பரவிற்று. "ஏங்க" என்று கூப்பிட்டு அவர் ஊரை வர்ணிப்பதைக் கேட்டு ஜனங்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்த அந்தச் சொல், நமக்கு மட்டும் வேறொரு குரலில் கேட்டது. அடுத்த மாதம் 14-ஆம் தேதி, பௌஜா சிங் தமது கிராமத்துச் சாலையில் கார் மோதி, 114-வது வயதில் காலமானார் என்ற செய்தி வந்தது. இனி அடுத்த வருஷம் என்று சொல்லக்கூடாது என்று தீர்மானித்தோம். கார்களை உத்தேசித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கமாகவே ஓடுவதென்றும் முடிவு செய்தோம்.

அந்த ஆடி மாதத்தில், தேர்த் திருவிழாக் கூட்டம் சேர்வதற்குச் சில நாள் முன்பாக, அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வத்திராயிருப்பைக் கடந்தபோது இன்னும் இருட்டு. கிருஷ்ணன்கோவிலை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. இடது தொடை கல்லாக இறுகிக்கொண்டது. மதகுச் சுவரில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று எதிரிலேயே வந்து நின்றது. "பெரியவரே, இடம் இருக்கு, ஏறுங்க" என்றார் கண்டக்டர். நியாயமான அழைப்பு. பஸ் இருக்கும்போது நடப்பானேன்? நமது வாயில் ஆறு வருஷம் இருந்த அந்த வாக்கியம் நமது காதில் விழுந்தது. கையை ஆட்டிப் பஸ்ஸை அனுப்பிவிட்டோம்.

மிச்சத் தூரத்தை ஓடினோம் என்று சொல்வதற்கில்லை. பாதி நடை, பாதி நொண்டல். பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்ட பிறகு கொஞ்சம் ஓட முடிந்தது. சந்நிதியில் நின்றபோது வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. பேரனுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

கடன் தீர்ந்ததா என்று மகள் கேட்டாள். ஜப்பானியர் கனகுரி ஷிஸோவின் கதையைச் சொன்னோம். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் ஒரு தோட்டத்தில் ஒதுங்கியவர், யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். 1967-ல், 75-வது வயதில், அழைப்பின்பேரில் அங்கே வந்து அந்த ஓட்டத்தை முடித்தார். 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம் ஆயிற்று என்று கணக்கு எழுதினார்கள். "அப்படியானால் தீர்ந்துவிட்டதுதானே, அப்பா?" என்றாள். அதற்கு நாம் பதில் சொல்லவில்லை. கனகுரி முடித்தது அவருடைய ஓட்டம். அம்மாள் கேட்டது நமது ஓட்டத்தை அல்ல. கூட நடந்து வருவதைத்தான் கேட்டாள். அதை இனி எத்தனை தூரம் ஓடியும் முடிக்க முடியாது. முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இவ்வளவு தெரியாதா?

ஆனாலும் ஓடுகிறோம். இப்போதெல்லாம் நாலரை மணிக்கு விழித்தால் அந்த நிசப்தம் பயமுறுத்துவதில்லை. நாமே வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் புறப்படுகிறோம். கோலம் போடத்தான் வரவில்லை. ஓட்டத்துக்கு வயது கடந்துவிட்டதே என்று நினைக்கும் நேயர்கள், டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு பர்லாங்கு தூரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது கூட நடந்து வரும்படி கேட்டால் மட்டும் ஓட்டத்தை ஒத்தி வைத்துவிட்டு, அவர்களோடு நடந்துவிட்டு வாருங்கள். கூமாப்பட்டிப் பக்கம் காரில் வருகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: விடியற்காலையில் அணைச் சாலையில் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், விளக்கைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு போங்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்க வேண்டாம்.