வாசல்தோறும் ஒரு வகுப்பறை

துறவற சபைகளில் பயிலும் இளஞ்சகோதரர்கள் சனி, ஞாயிறு நாள்களில் நம் பங்குகளுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்கள் வருகிறார்கள் என்றதும் நமக்குத் தோன்றுவது என்ன? ஆர்மோனியம் வாசிக்க ஆள் கிடைத்தது. கிறிஸ்து பிறப்புக் குடில் கட்ட ஆள் கிடைத்தது என்பதே. அவர்கள் நம்மிடம் கற்க வருகிறார்கள் என்னும் நினைவு எளிதில் எழுவதில்லை.

இப்பயிற்சி நேற்று முளைத்ததன்று. லொயோலா புனித இஞ்ஞாசியார், இயேசு சபையில் சேர விழைவோர்க்குச் சில சோதனைகளை விதித்தார். ஒரு மாதத் தியானம் அவற்றுள் ஒன்று. ஏனையவற்றையும் கேளுங்கள்: ஒரு மாதம் மருத்துவமனையில் பணிவிடை, ஒரு மாதம் கையில் காசின்றி, வாசல்தோறும் இரந்துண்டு திருப்பயணம், இல்லத்தில் தாழ்ந்த வேலைகள், சிறுவர்க்கும் எழுத்தறியாதார்க்கும் மறைக்கல்வி. பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஒருவர் வகுத்த சட்டம் இது!

நம் புனித சவேரியாரும் இவ்வழி வந்தவரே. 1537-இல் வெனிஸ் நகரில் தீராப் பிணியாளர் மருத்துவமனையில் தொண்டாற்றினார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழறிந்தோர் துணையால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். நோயுற்றோர் இல்லங்களுக்கெல்லாம் தாமே செல்ல இயலாதபோது, செபம் கற்ற அச்சிறுவரையே அனுப்பினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடும், மாணவர்கள் படிப்புக் காலத்திலும் விடுமுறையிலும் மேய்ப்புப் பணியைச் செய்தே பழக வேண்டும் என்கிறது.

எங்கள் பங்கிற்கு வந்த சகோதரர் ஒருவர், படுக்கையில் கிடந்த ஒரு பாட்டியாரைக் காணச் சென்றார். அமர்வதற்கு முன்பே செபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். "செபம் அப்புறம் சொல்லலாம், பிரதர். முதல்ல உக்காருங்க" என்றார் பாட்டியார். பிறகு, பல்லாண்டுகளாக வந்து பார்க்காத தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சகோதரர் மறுமொழி தேடித் தடுமாறினார். பின்பு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் சென்றபின், செபத்தைப் பாட்டியாரே தொடங்கிவைத்தார். எந்தப் பேராசிரியர் இதைக் கற்பித்திருக்கக் கூடும்?

பயிற்சி முடிவில், அச்சகோதரரைப் பற்றி ஒரு கருத்து பங்கிலிருந்து பயிற்சி இல்லத்திற்குச் செல்லவேண்டும். பங்குத்தந்தை நம்மிடம் விசாரிப்பார். "நல்ல பிள்ளை சாமி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். (கோழிக்குழம்பு வைத்து விருந்திட்ட வீட்டார் இதைச் சற்று உரக்கவே சொல்வார்கள்.) அவர் வசதியான மூன்று வீடுகளுக்கு மட்டுமே சென்றாரா, கடைசித் தெருவிலும் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாரா, சாதி பார்த்துப் பழகினாரா என்பதெல்லாம் பயிற்சி இல்லத்துத் தந்தையருக்குத் தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். நாளை நாற்பது ஆண்டுகள் ஏதோ ஒரு பங்கில் அவர் பணியாற்றப் போகிறார். அங்கும் ஒரு கடைசித் தெரு இருக்கும். குறையை அவரிடமே அன்போடு சொல்வது முதல் முறை. திருந்தாவிடில் பங்குத்தந்தையிடம் மறையாது சொல்வது அடுத்த முறை. மழுப்புவதை இரக்கம் என்று நாம் கருதவில்லை.

குடிலை நம் இளைஞரே கட்டிக்கொள்ளட்டும். வரும் சனிக்கிழமை சகோதரர் வந்ததும், நோயுற்றோர், தனித்திருப்போர், கோவிலுக்கு வராது நின்றுவிட்டோர் ஆகியோரின் பெயர்களை எழுதி அவர் கையில் கொடுப்போம். வழிகாட்டப் பெரியவர் ஒருவரையும் உடன் அனுப்புவோம்.