மூடுபனியும் மஃரிபும்

சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், எம் இல்லப் படிக்கட்டிற்குத் தானியங்கி விளக்கொன்று அமைத்தோம். மஃரிபுத் தொழுகைக்குச் செல்லும் பார்வை மங்கிய அத்தா இடறிவிடலாகாது என்பதே நோக்கம். ஒளி குன்றினால் காட்மியம் சல்பைடு உணரியின் மின்தடை பெருகும். டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தி ரிலேயை இயக்க, விளக்கு எரியும். நாளடைவில் அவ்விளக்கே அத்தாவிற்குப் பொழுதுணர்த்தலாயிற்று.

ரமலானில் ஒருநாள் பிற்பகலிலேயே மூடுபனி கவிய, விளக்கு எரிந்தது. நோன்பு திறக்கும் நேரமென்றெண்ணிய அத்தா பேரீச்சம்பழத்தைக் கையிலெடுத்துவிட்டார். பதறித் தடுத்தோம்.

"அது பொய் சொல்லவில்லையப்பா. இருட்டைச் சொன்னது, சூரியன் அடைந்ததை அதற்கு யார் சொல்வது?" என்றார் அத்தா.

அன்றே மாறுமின்தடையைத் திருகி, இருள் செறிந்தால் மட்டுமே எரியுமாறு திருத்தினோம். எனினும், பாங்கு ஒலித்ததும் அவரருகே சென்று சொல்லும் கடமையை இன்றளவும் எந்தக் கருவியிடமும் ஒப்படைத்தோமில்லை.