பேசிக்கொள்ளாத ஆசிரியர்களும் கடைசி வரிசைப் பையனும்



நம் பழைய மாணவர் ஒருவர் ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். "டீச்சர், என் செக்‌ஷனில் எட்டுப் பேர். ஒருத்தருக்கொருத்தர் பேச்சே இல்லை. ஷிப்ட் மாறும்போது மெஷினில் என்ன கோளாறு என்றுகூடச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். எல்லாரையும் ஏலகிரிக்கு டூர் கூட்டிப் போனால் சரியாகுமா?" என்று கேட்டார். உங்களில் பலர் இன்று நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

டூர் போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும்.

நான் மாற்றலாகிப் போன ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள். ஏதோ பழைய மனஸ்தாபம். இரண்டாம் வகுப்பு டீச்சரும் மூன்றாம் வகுப்பு சாரும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் போர்டில் இருப்பதை எழுதவே மாட்டான். மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

புதிதாக வந்த தலைமையாசிரியை யாரையும் சமாதானம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் 15 நிமிடம் எல்லாரும் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதற்கு என்ன சிரமம் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களைப் பற்றிப் பேச்சே கூடாது. இவ்வளவுதான் ஏற்பாடு.

நாலாவது வாரம் சார் அந்தப் பையன் பெயரைச் சொன்னார். டீச்சர் உடனே, "அவனுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது சார். நான் முன்னாடிதான் உட்கார வைத்திருந்தேன்" என்றார். யாரும் பேசவில்லை. இந்த ஒரு வரி வந்து சேராததால் ஒரு பிள்ளைக்கு அரை வருஷம் போயிருந்தது. கண்ணாடி போட்ட பிறகு பையன் எழுத ஆரம்பித்தான். அவர்கள் இருவரும் கடைசிவரை நண்பர்கள் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஜூனில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நோட்டில் எழுதிச் சாரிடம் கொடுத்தார்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ளவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்வது அதில் ஒன்று. புதுடில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பெயர் சொன்னதால் மட்டும் வந்த பலன் இல்லை. ஆனாலும் ஒருமுறை வாய் திறந்த நர்ஸம்மா, பிறகு தப்பைப் பார்த்தால் டாக்டரிடம் சொல்லத் தயங்கமாட்டார்.

ஆகவே ஷிப்ட் மாறும்போது மெஷின் பக்கத்திலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். எது ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது, அடுத்தவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். கோளாறைச் சொன்னவரை அந்த இடத்தில் திட்டாதீர்கள். ஒருநாள் திட்டினால் மறுநாள் எட்டு வாயும் மூடிக்கொள்ளும்.

உங்கள் வேலையிடத்தில் எது கைகொடுத்தது? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்