நெட்டூர்ப் பெட்டி

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் நடப்போர், பழம்பொருட் கடைகளில் சிறு வீடு போன்ற மரப்பெட்டிகளைக் காண்பர். மலையாள நாட்டுத் தச்சர்கள் நகை வைப்பதற்கென்று கையால் இழைத்த நெட்டூர்ப் பெட்டிகள் இவை. திருமணப் பரிசாகவும் வழங்கப்பெற்றன.

பெரும்பாலும் ஈட்டி மரம். மூடியோ அந்நாட்டு வீட்டுக் கூரையைப் போல நாற்புறமும் சரிந்திருக்கும். பிறந்தகத்தின் கூரையையே மகளுடன் அனுப்பினார்களோ என்று எண்ணத் தோன்றும்! மூலைகளில் அறைந்த பித்தளைத் தகடுகள் அழகுக்காக மட்டுமல்ல. பொருத்து விலகாது காப்பவையும் அவையே.

நகைக்கடைகள் தரும் வெல்வெட்டுப் பேழைகளில் இத்தகைய உழைப்பு ஏது?

ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். கீல் இன்னும் தளரவில்லை, உள்ளே வெறுமை. எந்த வீட்டு மணப்பெண்ணுக்குச் செய்ததென்று கடைக்காரரிடம் வினவினேன். அவர் விலையைச் சொன்னார்.